தம்பியின் துடிப்பு: பைபோலர் நோயைக் கைப்பட்டி கண்டுபிடிக்குமா?

இரண்டு வருடங்களாகக் காலையில் பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நான் முதலில் பார்த்தது தம்பியின் இதயத் துடிப்பைத்தான். அவன் கலஹாவில் அம்மாவுடன் இருக்கிறான். நான் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறேன். கனடாவில் உள்ள பெரியம்மாவின் மகன் அனுப்பிய கைப்பட்டி ஒன்று அவனுடைய மணிக்கட்டில் இருக்கிறது. இரவு எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணி நேரம் நித்திரை கொண்டான், நித்திரையில் இதயம் எப்படி அடித்தது என்ற கணக்கெல்லாம் என் போனுக்கு வந்துவிடும். தம்பிக்கு பைபோலர் நோய். தமிழில் இருதுருவ மனநிலை நோய் என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு “அந்த வருத்தம்” என்றுதான் பெயர்.

இந்தப் பட்டியை நம்பலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கிளினிக் வாசலில் பழக்கமானவர்கள் கேட்டார்கள், கிளிநொச்சியில் இருந்து போன் எடுத்தும் கேட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார்கள்; வாங்கினால் பிரயோசனம் உண்டா என்பதே கேள்வி. இந்த இரண்டு வருடத்தில் வாசித்ததையும் கண்டதையும் அவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஒரு நோயாளியின் அக்கா.

முதலில் எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977 ஓகஸ்ட் வன்செயலில் கலஹாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கிளம்பி, அப்பாவும் அம்மாவும் கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். நாங்கள் பிறந்ததெல்லாம் அங்கேதான். 2009 மே மாதத்தில் அப்பாவை முள்ளிவாய்க்காலில் இழந்துவிட்டு மெனிக் பாம் முகாமுக்குப் போனோம். அங்கிருந்து விட்டபோது கலஹாவில் இருந்த மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா புறப்பட்ட இடத்துக்கே முப்பத்துமூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தா.

தம்பிக்கு முதல் சோர்வு 2011இல் வந்தது. எழும்ப மாட்டான், குளிக்க மாட்டான், சாப்பாட்டைத் தொட மாட்டான். காட்டிய இடங்களில் எல்லாம் யுத்தத்தால் வந்த மனச்சோர்வு என்றார்கள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. சோர்வுக்கான மாத்திரை மட்டும் தந்தார்கள். நடுவில் சில வாரங்கள் அவன் பிரகாசமாக இருப்பான். விடிய மூன்று மணிக்கு எழும்பித் தோட்டம் கொத்துவான், கடன் வாங்கிக் கோழிப்பண்ணைக்குத் தகரம் இறக்குவான், இரவிரவாகப் பேசுவான். சுகமாகிவிட்டான் என்று அம்மா மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தா. அந்தச் சில வாரங்களும் நோய்தான் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் அந்த நாட்களில் கிளினிக்குக்குப் போகவே இல்லை. சுகமாக இருப்பவனை யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்?

2017இல்தான் ஒரு மருத்துவர் வேறு விதமாகக் கேட்டார். “நித்திரை இல்லாமல் இருந்தும் களைப்பே இல்லாமல் இருந்த காலம் ஏதும் உண்டா?” அந்த ஒரு கேள்விக்கு அம்மா அரை மணி நேரம் பதில் சொன்னா. ஆறு வருடம் போயிருந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், முதல் அறிகுறிக்கும் சரியான நோய்ப்பெயருக்கும் இடையில் சராசரியாக ஆறு வருடம் அளவில் கழிகிறது என்றுதான் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தத் தாமதம் சும்மா போகும் காலம் அல்ல. இருதுருவ நோய் உள்ளவருக்குச் சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது எழுச்சி நிலையைக் கிளப்பிவிடக்கூடும். யுத்தப் பகுதியிலிருந்து வந்தவர்களிடம் இந்தத் தவறு நடக்க இடம் அதிகம் என்பது என் எண்ணம். சோகத்துக்கு எங்களிடம் காரணம் தாராளமாக இருக்கிறது. காரணம் கண்முன்னால் இருக்கும்போது யாரும் அதற்கு அப்பால் தேடுவதில்லை.

இனி இதயத்துக்கு வருகிறேன்.

நிமிடத்துக்கு அறுபது துடிப்பு என்றால், செக்கனுக்கு ஒன்று என்று மணிக்கூடு மாதிரி அடிக்கிறது என நினைத்துக்கொள்கிறோம். அப்படி அடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் 940 மில்லிசெக்கன், அடுத்த இடைவெளி 1,030, அதற்கடுத்தது 990 என்று மாறிக்கொண்டே இருக்கும். மணிக்கட்டில் விரலை வைத்து ஆறுதலாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தாமதிக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் ஆங்கிலத்தில் சுருக்கமாக எச்.ஆர்.வி. என்கிறார்கள். நான் துடிப்பு வேறுபாடு என்று சொல்கிறேன்.

வேறுபாடு ஏன் வருகிறது? இதயத்துக்குள் ஒரு சிறு கணு தானாகவே துடிப்பை எழுப்புகிறது. அதை யாரும் கட்டுப்படுத்தாவிட்டால் நிமிடத்துக்கு நூறு அளவில் அடிக்கும். இதய மாற்றுச் சிகிச்சை செய்தவர்களின் புதிய இதயம் நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் ஓய்விலும் வேகமாக அடிப்பது இதனால்தான். மற்றவர்களுக்கு மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு பிரேக் பிடித்து அதை எழுபது, அறுபதுக்குக் கொண்டுவருகிறது. பயம், கோபம், ஓட்டம் என்று வந்தால் பிரேக் தளர்கிறது. பரிவு நரம்புகள் முடுக்குகின்றன. பிரேக் நன்றாக வேலை செய்யும் உடலில் இடைவெளிகள் தாராளமாக மாறும். எந்நேரமும் விழிப்பாக இருக்கும் உடலில் அவை ஒரே மாதிரி இறுகிப்போகும். நித்திரை, மூச்சு, பயம் எல்லாவற்றையும் நடத்தும் மூளைப் பகுதிகளே இந்த நரம்பையும் நடத்துவதால், மனநிலை மாறும்போது அதன் சாயல் துடிப்பிலும் விழும் என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் அடிப்படை. நாடி பிடித்து மனக்கவலையைச் சொன்ன பழைய வைத்தியர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் தேடியிருக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை எப்படி அளப்பது என்று ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 1996இல் பொதுவிதி எழுதின. ஐந்து நிமிடப் பதிவு ஒரு வகை, இருபத்துநான்கு மணி நேரப் பதிவு இன்னொரு வகை. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

பைபோலர் நோயாளிகளிடம் இதைப் பெரிய அளவில் முயன்றவர்கள் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்துக்காரர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2010இல் தொடங்கிய அத்திட்டத்துக்கு ‘சைக்கி’ என்று பெயர். துணியோடு துணியாக மின்முனைகள் சேர்த்துச் செய்யப்பட்ட மேற்சட்டையை நோயாளிகள் இரவில் அணிந்துகொண்டார்கள். அது ஈ.சி.ஜி.யையும் மூச்சையும் பதிந்தது. கேட்டானோ வலென்சாவும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், 14 நோயாளிகளின் பதிவுகளை வைத்து, ஒவ்வொருவரின் பழைய இரவுகளிலிருந்து அவருடைய அடுத்த மனநிலையைக் கணினி முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். சராசரியாக 69 சதவீதம் சரியாக வந்தது.

69 சதவீதம் என்பதை முதலில் வாசித்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். பிறகு அம்மாவின் கண்ணால் யோசித்துப் பார்த்தேன். பத்துத் தடவை சொன்னால் மூன்று தடவை பிழை. அந்த மூன்றில் ஒன்று, எல்லாம் நல்லாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் கடன் வாங்கப் போகும் நாளாகவும் இருக்கலாம். அதோடு அது பதினான்கு பேர். அவர்கள் அணிந்தது ஆராய்ச்சிக்கென்று செய்த மேற்சட்டை. தம்பியின் கையில் இருப்பது பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அடித்து இரத்த ஓட்டத்தை எண்ணும் மலிவுப் பட்டி. கை அசைந்தால் அதன் கணக்குக் குழம்பும். படுத்து அசையாமல் கிடக்கும் இரவு நேரத்தில் ஓரளவு நம்பலாம். மண்வெட்டி பிடிக்கும்போது அது சொல்வதைப் பார்க்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கலை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதம் எடுத்தது. அமெரிக்காவில் சன் டியாகோ ஆய்வாளர்கள் 2010இல் எழுதிய கட்டுரையில், எழுச்சி நிலையில் இருந்த நோயாளிகளின் துடிப்பு வேறுபாடு சுகதேகிகளைவிடக் குறைவாக இருந்தது என்கிறார்கள். டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் 2017இல் எழுதியதில், எழுச்சி நிலையில் வேறுபாடு கூடியிருந்தது என்கிறார்கள். யார் சொல்வது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். சன் டியாகோவில் ஒப்பிட்டது நோயாளியை இன்னொரு மனிதரோடு. கொப்பன்ஹேகனில் ஒப்பிட்டது அதே நோயாளியின் எழுச்சி நாட்களை, அவருடைய சோர்வு நாட்களோடும் சாதாரண நாட்களோடும். அதனால் கைப்பட்டியின் செயலி “உங்கள் வயதுக்கு இது நல்ல அளவு” என்று பச்சைப் புள்ளி காட்டினால் அதில் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. தம்பியை நேற்றைய, போன மாதத்துத் தம்பியோடு மட்டுமே ஒப்பிடலாம்.

இதை நான் பாடமாகப் படிக்கவில்லை, அடிபட்டுத்தான் படித்தேன். பட்டி வந்த முதல் வருடம் மே 14ஆம் திகதி தொடங்கி ஆறு இரவுகள் அவனுடைய நித்திரைத் துடிப்பு வழமையைவிடப் பத்துக்கு மேல் ஏறி நின்றது. வேறுபாடு சரிந்து கிடந்தது. நித்திரையும் நாலு மணி நேரம்தான். நான் பயந்துபோய் அரை நாள் லீவு போட்டு, பேராதனையில் பஸ் மாறி, ஹிந்தகல வழியாகக் கலஹாவுக்கு ஓடினேன். அவன் வாசலில் இருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். “அக்கா, இது நோய் இல்ல. இது மே மாசம்” என்றான். பக்கத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் கையில் ஒரு பட்டி இருந்திருந்தால் அதுவும் அப்படித்தான் காட்டியிருக்கும். என் கையிலும்தான்.

யுத்தத்தைக் கடந்து வந்தவர்கள் இந்தப் பட்டியை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். துடிப்பு வேறுபாடு குறைவது பைபோலருக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல. வெறும் மனச்சோர்விலும் குறையும், நீரிழிவிலும் குறையும், வயது போகப் போகவும் குறையும். பேரதிர்ச்சிக்குப் பின்னான மனவடுவிலும் குறையும். அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வந்தது. போர்முனைக்குப் போகுமுன்பே வேறுபாடு குறைவாக இருந்தவர்களுக்குத் திரும்பி வந்தபின் மனவடு நோய் வரும் சாத்தியம் கூடியிருந்ததாம். எங்கள் பக்கத்தில், யுத்தம் முடிந்தபின் யாழ்ப்பாண மாவட்டத்தில் செய்து 2011இல் வெளியான ஆய்வில் 7 சதவீதமானோருக்கு மனவடு நோயின் அறிகுறிகளும், 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பின் அறிகுறிகளும் இருந்தன. இப்படியான சனத்திடம் இதயம் இறுகி அடிப்பதை மட்டும் வைத்து எந்த நோய் என்று பிரிக்க முடியாது.

கண்டியில் இருப்பவர்களுக்கு எசல பெரஹரா ஒரு சோதனை. ஊர்வலத்துக்கு முன்னால் கசை அடிப்பவர்கள் வருவார்கள். அந்தச் சத்தம் தெருவில் வெடித்துத் தெறிக்கும். ஊரே திருவிழாவாக இருக்கும்போது தம்பி காதைப் பொத்திக்கொண்டு கடைக்குள் நுழைவான். அந்த இரவின் பதிவைப் பார்த்தால் யாரும் நோய் திரும்பிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

மருந்துகளும் கணக்கைக் குழப்பும். ஒலன்சபின், குளோசபின், குவெட்டியபின் போன்றவை துடிப்பைக் கூட்டக்கூடும். அமிற்றிப்டிலின் வேறுபாட்டைக் குறைக்கும். பதற்றத்துக்கு இங்கு தாராளமாக எழுதிக் கொடுக்கும் புரொப்பிரனோலோல் துடிப்பைத் தாழ்த்திவிடும். லிதியமே சிலருக்கு இதயக் கணுவை மந்தமாக்கும். அதனால் மாத்திரையோ அளவோ மாறிய நாளைக் குறித்துவைக்காவிட்டால் பட்டியின் பதிவுக்குப் பெறுமதி இல்லை. வெற்றிலை பாக்குப் போட்டாலும் துடிப்பு கூடும். இரவில் சாராயம் குடித்தால் நித்திரைத் துடிப்பு விடிய மட்டும் ஏறியே நிற்கும். இதைப் பட்டி கண்டுபிடித்து என்னிடம் காட்டிக்கொடுத்ததால் தம்பி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. காய்ச்சலிலும் அப்படித்தான். டெங்கு பரவும் மாதங்களில் துடிப்பு ஏறினால் மனநிலையை யோசிக்குமுன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

அடுத்த வருடம் ஐப்பசியில் எதிர்மாறாக நடந்தது. அவனுடைய எண்கள் அழகாக இருந்தன. வேறுபாடு அதுவரை காணாத அளவு மேலே. செயலி பாராட்டியது. நானும் நிம்மதியாக இருந்தேன். நித்திரை மட்டும் ஆறரை மணியிலிருந்து ஐந்தரைக்கும், அங்கிருந்து நாலுக்கும் இறங்கியிருந்தது. நான் பார்த்தேன், ஆனால் இதயம் நல்லாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பத்தாவது நாள் அம்மா போன் எடுத்தா: “அவன் மூணு மணிக்கு எழும்பித் தோட்டம் கொத்துறான்.” கொப்பன்ஹேகன் கட்டுரையை அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். அந்த முறை வாட்டில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். ஆடு விற்ற காசும் போய்விட்டது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, நித்திரை நேரத்தை முதலில் பாருங்கள், இதயத்தைப் பிறகு பாருங்கள் என்பதுதான். நித்திரை குறைந்தும் ஆள் களைப்பில்லாமல் இருந்தால், இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், அடுத்த கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். நித்திரையைக் குறிக்கப் பட்டி தேவையில்லை, எண்பது பக்க அப்பியாசக் கொப்பி போதும். நான் இப்போது நாலு கோடு கீறி வைத்திருக்கிறேன்: படுத்த நேரம், எழும்பிய நேரம், மாத்திரை, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது. நாலாவது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் விளங்காது.

இந்தக் கண்காணிப்பு எல்லோருக்கும் நல்லது என்றும் இல்லை. கொப்பன்ஹேகனிலேயே ஸ்மார்ட் போன் மூலம் நாள்தோறும் மனநிலையைப் பதியவைத்துச் சோதித்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி நோயின் அறிகுறிகளை அது குறைக்கவில்லை. சிலரில் சோர்வு நீடிக்கும் போக்குக்கூடத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் “நீ எப்படி இருக்கிறாய்” என்று ஒரு இயந்திரம் கேட்டுக்கொண்டே இருந்தால் அது நோயை நினைவூட்டிக்கொண்டே இருப்பதுதானே. உலகில் எங்கும் துடிப்பு வேறுபாட்டை வைத்து பைபோலர் நோயைத் தீர்மானிப்பது வழமையான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

லிதியம் எடுப்பவர்களுக்குக் கைப்பட்டியைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் லிதியத்தின் அளவு. கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். தொடர் சிகிச்சையில் பெரும்பாலும் லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. வயிற்றோட்டம், வாந்தி, வெயிலில் வேலை செய்து உடலில் தண்ணீர் வற்றுதல் எல்லாம் அளவை ஏற்றும். நாரிப்பிடிப்புக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனக், ஐபுபுரோபென் மாத்திரைகளும் ஏற்றும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதைக் காட்ட எந்தப் பட்டியும் இல்லை.

இவ்வளவு குறை சொல்லியும் நான் ஏன் பட்டியை வைத்திருந்தேன்? கண்டிக்கு வந்த முதல் வருடங்களில் கிளினிக்கில் மருத்துவர் சிங்களத்தில் கேட்பார், நான் மாற்றி அம்மாவிடம் கேட்பேன், அம்மா சொல்வதை என் அரைகுறைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்வேன். “நெஞ்சு பதறுது” என்று தம்பி சொன்னதை இதய நோய் என்று விளங்கி ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பினார்கள். “யோசனை கூடிப்போச்சு” என்று அம்மா சொன்னது அவன் நிறைய யோசிக்கிறான் என்று மட்டும் போய்ச் சேர்ந்தது. அப்போது நினைத்தேன், இதயத்தின் எண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதே என்று. அந்த ஆசைதான் என்னைப் பட்டியிடம் கொண்டுபோனது. ஆனால் மே மாதத்து எண்ணுக்கும் ஐப்பசி எண்ணுக்கும் அர்த்தம் சொன்னது தம்பியும் அம்மாவும்தான், அதுவும் தமிழில். 2017இல் நோயைக் கண்டுபிடித்த மருத்துவரும் ஒரு தமிழ்த் தாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். உறவினரை வைத்து மொழிபெயர்த்தால் உறவினர் மறைப்பதும் சேர்ந்தே வரும் என்று பிறகு சொன்னார். உண்மைதான். கோழிப்பண்ணைக் கடனை நான் ஒருநாளும் சொன்னதில்லை. உங்கள் கிளினிக்கில் தமிழ் தெரிந்த தாதியோ அலுவலரோ இருந்தால் கேட்டு வாங்குங்கள். இரவில் அவசரம் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம்.

போன கிளினிக்குக்குப் போனிலிருந்து எடுத்த வரைபடங்களையும் கொப்பியையும் கொண்டுபோனேன். மருத்துவர் வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொப்பியைத்தான் புரட்டினார். “இங்கே இரண்டு நாள் நித்திரை இல்லை, ஏன்?” என்று விரல் வைத்துக் கேட்டார். தாதி தமிழில் திருப்பினா. மாடு கன்று போட்டது என்றான் தம்பி. மருத்துவர் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

பட்டியின் வார் போன மாதம் அறுந்துவிட்டது. அது இல்லாமல் நல்லா நித்திரை வருகிறது என்கிறான். கனடாவுக்குச் சொல்லி வேறொன்று எடுப்பிக்கவா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அதுவரைக்கும் காலையில் தேநீர் வைத்துவிட்டு அவனுக்கே போன் எடுக்கிறேன்.